இதயத்தைத் திறந்தவர்கள் – 14: ஒதுக்கி வைக்கப்பட்ட நுரையீரல்

1955-இல் இதயத்தைத் திறந்து உள்ளே இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குத்தான் போயாக வேண்டும். மினியாபொலிஸில் வால்ட்டன் லில்லிஹை. அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, ராச்செஸ்டர் மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின். இந்த அறுவையைத் தொடர்ச்சியாகச் செய்துவந்தவர்கள் அப்போது உலகத்திலேயே இவர்கள் இருவர்தான். கிர்க்லினின் முதல் 8 நோயாளிகளில் 4 பேர் பிழைத்தார்கள். பாதிப் பேர் பிழைத்ததே அன்றைக்குப் பெரிய செய்தி. அடுத்த சில ஆண்டுகளில் இதய–நுரையீரல் இயந்திரம் பல நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கூடவே, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு மரணமும் போய்ச் சேர்ந்தது.

அறுவை நன்றாகவே முடிந்திருக்கும். ஓட்டை அடைபட்டிருக்கும், தையல் பிடித்திருக்கும், இதயம் தானாகத் துடிக்கும். குழந்தை கண் விழித்து அம்மாவைத் தேடும். சில மணி நேரத்தில், அல்லது மறுநாள், மூச்சு வேகமெடுக்கும். உதடு நீலம் பாரிக்கும். ஆக்ஸிஜனை எவ்வளவு கூட்டினாலும் ரத்தம் சிவக்காது. மூச்சுக்குழாயில் செருகிய குழல் வழியாக இளஞ்சிவப்பு நுரை பொங்கி வரும். அதற்கு மேல் செய்ய எதுவும் இருக்காது. பிரேதப் பரிசோதனையில் இதயத்தைத் திறந்தால் அடைத்த ஓட்டை அடைத்தபடியே இருக்கும். நுரையீரல்தான் கறுத்துக் கனத்து, இறைச்சிக் கடையில் தொங்கும் ஈரலைப் போல இருக்கும். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் அடியில் போய்த் தங்கும். காற்றே இல்லாத நுரையீரல் அது.

மருத்துவர்கள் இதை ‘பம்ப் லங்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. கெட்டுப்போன உறுப்பை யாரும் தொடக்கூட இல்லை என்பதுதான் அவர்களை மிகவும் வருத்தியது. கத்தி பட்டது இதயத்தில், செத்தது நுரையீரல்.

இந்த இயந்திரமே நுரையீரலில் இருந்துதான் பிறந்தது என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1930-களின் தொடக்கத்தில் பாஸ்டனில், நுரையீரல் தமனியை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் படுக்கை அருகே இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார் இளம் மருத்துவர் ஜான் கிப்பன். அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்தால் அவள் பிழைப்பாளே என்று அவருக்குத் தோன்றியது. அவரும் மனைவி மேரியும் பூனைகளை வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயமும் நுரையீரலும் 26 நிமிடம் சும்மா இருக்க, அந்த வேலையை இயந்திரம் பார்த்தது. அவள் பிழைத்தாள். அந்த 26 நிமிடம் நுரையீரல் ஓய்வெடுத்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிப்பனும் அப்படித்தான் நினைத்திருப்பார். அப்படி நினைப்பது இயல்பும்கூட. வேலை இல்லாத உறுப்புக்கு என்ன கேடு வந்துவிடும்?

நுரையீரல் உயிரோடு இருக்க மூன்று வழியில் ஆக்ஸிஜன் கிடைக்கிறது. உள்ளே வந்துபோகும் காற்று ஒன்று. இதயத்தின் வலப்பக்கத்தில் இருந்து நுரையீரல் தமனி கொண்டுவரும் ரத்தம் இரண்டாவது. உடலின் மொத்த ரத்தமும் ஒவ்வொரு சுற்றிலும் இந்த வழியாகத்தான் போகிறது. மூன்றாவது, பெருந்தமனியில் இருந்து பிரியும் மெல்லிய மூச்சுக்குழல் தமனிகள். இதயம் இறைக்கும் ரத்தத்தில் 1 முதல் 3 விழுக்காடு வரைதான் இவற்றின் பங்கு. இயந்திரம் முழுதாகப் பொறுப்பேற்றதும் என்ன ஆகிறது? நுரையீரல் அசைந்தால் அறுவை செய்பவரின் கைக்கு இடைஞ்சல் என்று வென்டிலேட்டரை நிறுத்துகிறார்கள், காற்று போயிற்று. ரத்தம் எல்லாம் வலப்பக்கத்திலேயே உருவப்பட்டு இயந்திரத்துக்குப் போகிறது. நுரையீரல் தமனி காலி. எஞ்சுவது அந்த மெல்லிய தமனிகள் மட்டும். இயந்திரம் ஓடும்போது அவற்றின் ஓட்டமும் மிகவும் குறைந்துவிடுகிறது என்று பிற்காலத்தில் பன்றிக்குட்டிகளில் அளந்து பார்த்தார்கள். நாம் ஓய்வு என்று சொன்ன நேரம் முழுவதும் நுரையீரல் பட்டினி கிடந்திருக்கிறது.

இதை மனத்தின் ஓரத்திலாவது முன்கூட்டி உணர்ந்திருந்தவர் என்று நான் டெட்ராய்ட்டின் ஃபாரெஸ்ட் டாட்ரிலைச் சொல்வேன். கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடப் பொறியாளர்களோடு சேர்ந்து அவர் ஒரு ரத்த பம்ப் செய்தார். பன்னிரண்டு சிலிண்டர்களோடு அது பார்ப்பதற்கே கார் என்ஜின் மாதிரிதான் இருக்கும். 1952 ஜூலை 3 அன்று ஹார்ப்பர் மருத்துவமனையில் 41 வயதுக்காரர் ஒருவருக்கு இதயத்தின் இடப்பக்க வேலையை அந்த பம்ப் 50 நிமிடம் பார்த்தது. ஆக்ஸிஜன் ஏற்றும் வேலையை அவருடைய சொந்த நுரையீரலே பார்த்தது. செயற்கை நுரையீரல் அந்தக் கருவியில் இல்லை. நோயாளி பிழைத்து நெடுநாள் வாழ்ந்தார். கிப்பனுக்குப் பத்து மாதம் முந்தைய இந்த அறுவையைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1958-இல், முழு உடலையும் இயந்திரத்தில் ஓட்டினால் நுரையீரலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றித் தனியாகக் கட்டுரை எழுதியவரும் இதே டாட்ரில்தான். நுரையீரலை வேலையில் வைத்து ஒரு முறை, ஒதுக்கி வைத்து ஒரு முறை என்று இரண்டையும் பார்த்த கண் அவருடையது.

மற்றவர்கள் குற்றவாளியை வேறு இடங்களில் தேடினார்கள். அங்கேயும் கிடைத்தான், ஒருவன் அல்ல, பலர்.

முதலில் பிடிபட்டது பின்னழுத்தம். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும்போதும் மூச்சுக்குழல் தமனிகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் நுரையீரலுக்குள் போய், இடப்பக்க இதயத்தில் வடிந்துகொண்டே இருக்கிறது. நின்றுபோன இதயம் அதை வெளியே தள்ளாது. ரத்தம் தேங்கும், இதயம் உப்பும், அழுத்தம் பின்னோக்கி நுரையீரலின் நுண்குழாய்களில் ஏறும், அங்கிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசியும். பிறவியிலேயே நீலம் பாரித்த ஃபாலட் நோய்க் குழந்தைகளுக்கு இந்தக் கிளைத் தமனிகள் அளவுக்கு மீறிப் பருத்திருக்கும் என்பதால், அதிகம் இறந்தவர்கள் அவர்களே. இடப்பக்க இதயத்துக்குள் ஒரு சிறு குழாயை விட்டுத் தேங்குவதை உறிஞ்சி எடுத்தபோது மரணங்கள் சட்டென்று குறைந்தன. இன்றும் பல அறுவைகளில் அந்தக் குழாய் உண்டு.

அடுத்தது பிறர் ரத்தம். அன்றைய இயந்திரங்களை நிரப்பவே பல பேருடைய ரத்தம் வேண்டும். காலையில் கொடையாளர்களை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் ஊற்றிய பிறகுதான் அறுவை தொடங்கும். ஊர்பேர் தெரியாத பலரின் வெள்ளணுக்களும் புரதங்களும் கலந்த அந்த ரத்தம், இயந்திரம் நின்றதும் முழுவதுமாகப் பாய்கிற நுண்குழாய் வலை நுரையீரல்தான். 1960-இல் ஓக்லஹோமாவில் நஸீஹ் ஸுஹ்தி இயந்திரத்தைச் சர்க்கரைக் கரைசலால் நிரப்பினார். ஹூஸ்டனில் டென்டன் கூலி அதையே பெரிய அளவில் செய்தார். ரத்தம் ஏற்க மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் சபையினருக்கும் அவரால் இதய அறுவை செய்ய முடிந்தது. ரத்தத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு நுரையீரலையும் காப்பாற்றியது. பாட்டிலில் வைத்த ரத்தத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாகின்றன என்று 1961-இல் ராய் ஸ்வாங்க் காட்டினார். அதற்குப் பிறகு வடிகட்டிகள் வந்தன.

எல்லாம் சேர்ந்து 1960-களின் நடுவில் மரணங்கள் குறைந்தன. ஆனாலும் நின்றபாடில்லை.

இந்த இடத்தில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையின் சார்லஸ் ட்ரூவைச் சொல்லியாக வேண்டும். ரத்த வங்கிக்குப் பெயர்பெற்ற அமெரிக்கர் சார்லஸ் ட்ரூ வேறு, இவர் வேறு. செயற்கை நுரையீரல் எதற்கு, நோயாளியிடமே நல்ல நுரையீரல் இரண்டு இருக்கின்றனவே என்று கேட்டவர் இந்த ட்ரூ. ஒரு பம்ப் வலப்பக்கத்து ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும். இன்னொரு பம்ப் அங்கே சிவந்த ரத்தத்தை எடுத்து உடலுக்குத் தள்ளும். வழியில் ரத்தத்தைக் குளிர்வித்து உடலை 15 டிகிரி வரை இறக்குவார். அந்தக் குளிரில் பம்ப்புகளை மொத்தமாக நிறுத்திவிட்டு, அசையாத, ரத்தமில்லாத இதயத்தைத் திறந்து வேலையை முடிப்பார். 1959-இல் லான்செட் இதழில் இதை எழுதினார். குழாய்கள் அதிகம், பம்ப் இரண்டு, வேலை கடினம் என்று உலகம் இந்த வழியைக் கைவிட்டது. 2000-இல் மியூனிக் மருத்துவர்கள் அதைத் தூசி தட்டி எடுத்து, பைபாஸ் நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். அழற்சி குறைவாக இருந்தது, நுரையீரல் மேலாக வேலை செய்தது. ட்ரூவின் வழி அவசரமாகக் கைவிடப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். எளிதான கருவி கையில் கிடைத்துவிட்டால் நல்ல கருவியைத் தேடும் பொறுமை மருத்துவத்திலும் குறைந்துபோகிறது.

இதற்கிடையில் நுரையீரல் மருத்துவர்கள் வேறொரு பக்கத்தில் இருந்து அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வியட்நாமில் குண்டடி பட்டுப் பிழைத்த சிப்பாய்கள் சில நாளில் மூச்சு முட்டி இறந்தார்கள். அங்குள்ள நகரின் பெயரால் இதை ‘டா நாங் லங்’ என்றார்கள். 1967-இல் டென்வரில் ஆஷ்பாவும் பெட்டியும் மற்ற இருவரும் விபத்து, தொற்று, கணைய அழற்சி என்று வெவ்வேறு காரணங்களால் வந்த 12 நோயாளிகளை விவரித்தார்கள். எல்லாருக்கும் நுரையீரல் ஒரே மாதிரி விறைத்து நீர் கோத்திருந்தது. இன்று ஏ.ஆர்.டி.எஸ். என்று நாம் சொல்வது அதைத்தான். பம்ப் லங் தனியொரு விநோதம் அல்ல, பெரிய குடும்பம் ஒன்றின் உறுப்பினன் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

அப்படியானால் நுரையீரலைத் தாக்குவது எது? விடை மறுபடியும் மினியாபொலிஸில் இருந்து வந்தது, அதுவும் சிறுநீரக மருத்துவத்தின் வழியாக. டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளியின் ரத்தத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் ஏறக்குறையக் காணாமல் போய்விடும், பிறகு தானே திரும்பி வரும். எங்கே போகின்றன? 1977-இல் கிராடக், ஜேக்கப் குழுவினர் கண்டுபிடித்தார்கள்: நுரையீரலில் போய்க் குவிகின்றன. டயாலிசிஸ் கருவியின் செல்லோஃபேன் தாளில் ரத்தம் பட்டதும், நம் உடலின் காவற்படையான நிரப்புப் புரதங்கள் தூண்டப்படுகின்றன. அவை உடைந்து பிறக்கும் ஒரு துணுக்கு வெள்ளணுக்களை முறுக்கேற்றிவிடுகிறது.

நுரையீரலின் நுண்குழாயை அருகில் போய்ப் பார்த்தால் இது ஏன் ஆபத்து என்று புரியும். அந்தக் குழாயின் குறுக்களவு பல இடங்களில் நியூட்ரோபிலைவிடச் சிறியது. ஒவ்வொரு அணுவும் தன்னை நசுக்கி நீட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. சாதாரண நாளிலேயே அங்கே சிறிது நேரம் தங்கித்தான் போகிறது. தூண்டப்பட்ட அணு விறைத்துவிடும், அதன் மேற்பரப்பு ஒட்டும். அது வளைய முடியாமல் குழாயில் சிக்குகிறது. சிக்கிய இடத்தில் தன் பையைத் திறந்து, கிருமிகளைக் கொல்ல வைத்திருந்த நொதிகளையும் ஆக்ஸிஜன் நஞ்சுகளையும் கொட்டுகிறது. கிருமி எதுவும் அங்கே இல்லை. இருப்பது ரத்தத்தையும் காற்றையும் பிரிக்கிற, ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாத சுவர்தான். அது கசியத் தொடங்குகிறது.

பிளாஸ்டிக் குழாய்களும் ஆக்ஸிஜனேற்றும் பெட்டியும் கொண்ட இதய–நுரையீரல் இயந்திரத்திலும் இதே கதைதானா? 1981-இல் செனோவெத்தும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்து ஆம் என்றார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நிரப்புப் புரதத் துணுக்குகள் ரத்தத்தில் ஏறின. அறுவை முடிந்து நுரையீரலுக்குள் ரத்தத்தைத் திரும்ப விட்டபோது, உள்ளே போன வெள்ளணுக்களைவிட வெளியே வந்தவை குறைவு. பட்டினி கிடந்த உறுப்புக்குள் கோபமேறிய படை நுழைந்து தங்கிவிட்டது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் ஜான் கிர்க்லின். மேயோவில் 8 பேரில் 4 பேரை இழந்த அதே கிர்க்லின், அலபாமாவுக்குக் குடிபெயர்ந்து, கால் நூற்றாண்டு கழித்தும் தன் இயந்திரம் என்ன கெடுதல் செய்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் என்னை வணங்கவைப்பது இந்த ஒன்றுதான்.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. அழற்சியை அடக்க ஸ்டீராய்டு இருக்கிறதே! பல்லாண்டுகள் பல மருத்துவமனைகளில் வழக்கமாகக் கொடுத்தார்கள். 2012-இல் நெதர்லாந்தில் 4,494 நோயாளிகளிடமும், 2015-இல் 18 நாடுகளில் 7,507 நோயாளிகளிடமும் முறையாகச் சோதித்தபோது, மரணமோ பெரிய கேடுகளோ குறையவில்லை. டச்சு ஆய்வில் மூச்சுச் செயலிழப்பு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. குழாய்களின் உட்புறத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைப் பூசினார்கள். குமிழ்விட்டு ஆக்ஸிஜன் ஏற்றும் கருவியை விட்டு, ரத்தமும் வாயுவும் நேரே தொடாத சவ்வுக் கருவிக்கு மாறினார்கள். குழந்தைகளுக்கு அறுவை முடிந்ததும் அதிகப்படி நீரை வடிகட்டி எடுக்கும் முறையை 1990-களின் தொடக்கத்தில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனை கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது.

அழற்சி பற்றிய பேச்சில் எல்லாரும் மூழ்கியிருந்தபோது, மிக எளிய ஒன்றைக் கவனித்தவர்கள் ஸ்வீடனின் உப்சாலா மருத்துவர்கள். யோரான் ஹெடன்ஸ்டியர்னாவும் அவருடைய சகாக்களும் மயக்கத்தில் இருந்த நோயாளிகளை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கி மூடிக்கொள்கிறது. இதய அறுவைக்குப் பிறகு அந்தச் சுருக்கம் பல மடங்கு. நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆக்ஸிஜன் குறைவதற்கு முதற்காரணம் நஞ்சு அல்ல, திறக்காமல் கிடக்கும் காற்றறைகள்.

அறுவை அரங்கில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெருந்தமனியின் இடுக்கியை எடுத்து, இதயம் துடிக்கத் தொடங்கியதும், மயக்கவியல் மருத்துவர் காற்றுப் பையைக் கையால் மெல்ல அழுத்துவார். நெஞ்சுக்கூட்டின் இருபக்கமும் தொய்ந்து கிடந்த நுரையீரல் ரோஜா நிறத்தில் எழும்பும். கீழ்மடலில் மட்டும் ஊதா நிறத் திட்டு ஒன்று அசையாமல் நிற்கும். அழுத்தத்தைச் சில விநாடி பிடித்து வைத்தால், அந்தத் திட்டின் விளிம்பு உடைந்து, துளித்துளியாக வெளிறி, கடைசியில் அதுவும் எழும்பும். 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் 15 விநாடி பிடித்தால் போதும் என்று உப்சாலாவில் பன்றிகளிடம் காட்டினார்கள். விலையுயர்ந்த மருந்துகள் தராத பலனை ஒரு கைப்பிடி தந்தது.

இடப்பக்கக் கீழ்மடல்தான் எப்போதும் அதிகம் அடங்கிக் கிடக்கும். இதயத்தைக் காக்க ஸ்டான்ஃபோர்டின் நார்மன் ஷம்வே கொண்டுவந்த குளிர்விக்கும் முறையின் தொடர்ச்சியாக, நெஞ்சுக்குள் பொடிப் பனிக்கட்டியைக் கொட்டும் வழக்கம் வந்தது. இதய உறையை ஒட்டி இறங்கும் உதரவிதான நரம்பு அந்தக் குளிரில் மரத்துப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில். உதரவிதானம் எழுந்து நின்றுவிட்டால் அதன் மேலே இருக்கும் மடல் எப்படி விரியும்? பைபாஸ் முடிந்து வந்தவர் படுக்கையில் மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சிக்கொண்டிருப்பதையும், தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் நச்சரிப்பதையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தக் கீழ்மடலைத் திறக்கத்தான் அத்தனை பாடும். தயவுசெய்து யாரும் அதை வெறும் சடங்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இயந்திரமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. லெனின்கிராடில் கோலெசோவ் 1964-லேயே துடிக்கும் இதயத்தில் தமனியை இணைத்துக் காட்டியிருந்தார். 1980-களில் அர்ஜென்டினாவின் பெனெட்டியும் பிரேசிலின் புஃபோலோவும் அதை உயிர்ப்பித்தார்கள். இயந்திரம் இல்லாவிட்டால் நுரையீரல் தப்புமா? இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 நோயாளிகளை வைத்து நடந்த ‘கரோனரி’ ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. மூச்சுக் கோளாறு இயந்திரத்தோடு 7.5 விழுக்காடு, இயந்திரம் இல்லாமல் 5.9. வித்தியாசம் உண்டு, ஆனால் இவ்வளவுதான். உயிரிழப்பில் மாற்றம் இல்லை. இயந்திரம் இல்லாதவர்களில் சற்றுக் கூடுதலானோர் ஒரு மாதத்துக்குள் மறுபடி ரத்தக்குழாய்ச் சீரமைப்புக்கு வர வேண்டியிருந்தது. மயக்கமும், பிளந்த மார்பெலும்பும், வலியால் அரைகுறையாக இழுக்கும் மூச்சும் இரு தரப்புக்கும் பொது. 1950-களில் முழுப் பழியும் சுமந்த இயந்திரத்தின் பங்கு, 60 ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இயந்திரம் ஓடும்போதும் வென்டிலேட்டரை மெல்ல ஓடவிட்டால் என்ன என்று பிரான்ஸில் முயன்று 2019-இல் வெளியிட்டார்கள்; அதிலும் பெரிய பலன் தெரியவில்லை.

நுரையீரலைக் கெடுக்கிறது என்று பெயரெடுத்த அதே இயந்திரம் இன்னொரு வழியில் திரும்பி வந்ததை அடுத்த பகுதியில் பார்க்கப் போகிறோம். 1971-இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில், விபத்தில் பெருந்தமனி கிழிந்து, அறுவைக்குப் பின் நுரையீரல் முற்றிலும் செயலிழந்த 24 வயது இளைஞர் ஒருவர். டொனால்ட் ஹில் குழுவினர் பிராம்சன் என்பவர் செய்த சவ்வு நுரையீரலோடு அவரை இணைத்து 75 மணி நேரம் ஓட்டினார்கள். நோயாளி பிழைத்தார். தமிழ்நாட்டில் 2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் கடைசி மணிநேரங்களிலும், 2020-இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்காக ஊரே காத்திருந்த வாரங்களிலும் வீட்டுக்கு வீடு ஒலித்த ‘எக்மோ’ என்ற பெயரின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

(தொடரும்)